முனிர்காவின் ஊமத்தையும் தேவாரத்தின் மத்தமும்: ஒரு பூச்செடியின் வரலாறு

முன்னுரை

தென்தில்லியின் பழைய ஊர்களுள் ஒன்று முனிர்கா. அதன் விளைநிலங்கள் காலப்போக்கில் அரசுக் குடியிருப்புகளாகவும் கல்வி நிலையங்களாகவும் மாறின. ஊரின் ஒருபுறம் இராமகிருஷ்ணபுரம் அமைந்துள்ளது. மறுபுறம் 1969-இல் நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பாறைநிலம் விரிந்து கிடக்கிறது. ஆரவல்லி மலைத்தொடரின் இறுதிப் பகுதியாகிய இந்நிலத்திலும் சாலையோரங்களிலும் இடிபாட்டு மேடுகளிலும் மழைக்காலத்தின் பின் ஒரு செடி தழைத்து, மாலையில் வெண்ணிறக் குழற்பூக்களை விரிக்கும். வடபுலத்தார் அதனைத் 'தத்தூரா' என்பர். தமிழர் 'ஊமத்தை' என்பர்.

மாசி மாதச் சிவராத்திரியில் இச்செடியின் முட்காய்களை வில்வ இலையுடன் இலிங்கத்திற்குச் சாத்துவது தில்லி மக்களின் வழக்கம். அன்று கோயில் வாயில்களிலும் காய்கறிக் கடைகளிலும் இக்காய் விலைக்குக் கிடைக்கும். முனிர்காவை அடுத்துள்ள இராமகிருஷ்ணபுரம் ஏழாம் பகுதிக் குன்றின்மேல், 1973 ஜூன் 7-ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயிலும் உள்ளது. 'மலை மந்திர்' என மக்கள் வழங்கும் இக்கோயிலில் முருகனுக்கும், பின்னர் சுந்தரேசுவரர் மீனாட்சியம்மைக்கும் தமிழக முறையில் சன்னிதிகள் அமைந்தன. தேவாரம் அறிந்த ஒருவர் இக்குன்றிலிருந்து இறங்கி, வடநாட்டார் காய்க்கூடையைக் காணும்போது ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நாயன்மார் சிவபெருமானின் சடையில் கண்ட 'மத்தம்' என்னும் மலரும் இச்செடியும் ஒன்றா?

எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை எளிதன்று. ஊமத்தை இனம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது என்பது தாவரவியலாரின் முடிபு. அவ்வாறாயின், கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்திற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் பாடிய தமிழ் அருளாளர்கள் எதனைக் கண்டு பாடினர்? இவ்வினாவைப் பெயர் வரலாறு, இலக்கியம், சிற்பம், தாவரவியல் ஆகிய நால்வகைச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியின் இயல்பு

ஊமத்தை, கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை ஆகியன ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தில்லியின் குளிர்காலப் பூங்காக்களை நிரப்பும் பெட்டூனியாவும், மதிலோரங்களில் இரவில் மணக்கும் 'ராத் கி ராணி'யும் இக்குடும்பத்தனவே. இவற்றுள் சமய வழிபாட்டில் நெடுங்காலமாக இடம்பெற்றது ஊமத்தையே எனலாம்.

இந்தியாவில் காணப்பெறும் ஊமத்தை வகைகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது 'தத்தூரா மெட்டல்'. இதன் பூ வெள்ளையாகவோ கருநீலச் சாயலுடனோ இருக்கும். சில செடிகளில் ஒரு குழலினுள் மற்றொரு குழல் அமைந்தாற்போன்ற அடுக்குப்பூக்களும் உண்டு. தமிழில் வெள்ளூமத்தை, கருவூமத்தை என வேறுபடுத்தி வழங்குபவை இதன் வகைகளே. தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுவதும் இதுவே. இதன் காய் கவிழ்ந்து நிற்கும். முட்கள் குட்டையாகவும் மழுங்கியும் இருக்கும். இரண்டாவது 'தத்தூரா இன்னாக்சியா'. இதன் இலையிலும் தண்டிலும் மென்மயிர் அடர்ந்திருக்கும். காய் கவிழ்ந்ததாயினும் முட்கள் நீண்டு கூர்மையாக இருக்கும். மூன்றாவது 'தத்தூரா ஸ்ட்ரமோனியம்'. இதன் காய் நிமிர்ந்து நின்று, முற்றியபின் நான்காகப் பிளக்கும்.

மலைவாழிடங்களின் தோட்டங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரும் பூக்களையுடைய சிறுமரம் ஒன்றையும் ஊமத்தை என்று கூறுவதுண்டு. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த 'புருக்மன்சியா'. 1805-இல் அது தனிப்பேரினமாகப் பிரிக்கப்பட்டது. எனவே இவ்வாராய்ச்சியில் அதற்கு இடமில்லை.

பெயர் வரலாறு

இச்செடிக்கு வழங்கும் பெயர்களை நோக்கின், அவற்றுட் பல செடியின் உருவத்தைக் குறிக்காமல் அதனை உண்டார்க்கு விளையும் நிலையைக் குறிப்பதனைக் காணலாம். 'உன்மத்தம்' என்னும் வடசொல்லுக்குப் பித்து என்பது பொருள். அதன் வழிவந்ததே 'ஊமத்தம்', 'ஊமத்தை' என்னும் வழக்கு. தெலுங்கில் 'உம்மெத்த' எனவும் மலையாளத்தில் 'உம்மம்' எனவும் வழங்கும். 'மத்தம்' என்னும் சொல்லும் மயக்கம், களிப்பு, பித்து என்னும் பொருள்களை உடையது.

அமரகோசம் இச்செடிக்குத் தரும் பெயர்கள் குறிப்பிடத்தக்கன. உன்மத்தம், கிதவம், தூர்த்தம், தத்தூரம், மாதுலம், மதனம் என்பன அவற்றுட் சில. கிதவன் சூதாடி, தூர்த்தன் வஞ்சகன். இச்செடியைக் கொண்டு பிறரை ஏமாற்றும் வழக்கம் அந்நாளிலேயே அறியப்பட்டிருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்றாகின்றன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியதாகப் பலரும் கருதும் காமசூத்திரமும் தத்தூரக் கனி கலந்த உணவு பித்தை உண்டாக்கும் என்று குறிப்பிடுகின்றது.

ஐரோப்பியர் இப்பெயரை இந்தியாவிலிருந்தே பெற்றனர். 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் உரையாடல் நூலில் தத்தூராவைப் பற்றித் தனிப்பகுதியே உள்ளது. மலையாள நாட்டுத் தாவரங்களை விளக்கும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூலின் 1679-ஆம் ஆண்டுத் தொகுதி இச்செடியை 'ஹும்மத்து' என்ற பெயரில் படத்துடன் தருகின்றது. 1753-இல் லின்னேயஸ் 'தத்தூரா' என்பதனையே பேரினப் பெயராக நிலைநிறுத்தினார். 'மெட்டல்' என்னும் சிறப்புப் பெயர் அரபு மருத்துவ நூல்களில் வரும் 'ஜவ்ஸ் மாத்தில்' என்பதன் திரிபாகும். ஆகவே இதன் அறிவியற் பெயரின் ஒரு பாதி இந்தியாவையும் மறுபாதி அரபு நாட்டையும் சுட்டுகின்றது. இரண்டும் அமெரிக்காவைச் சுட்டவில்லை.

தமிழ் இலக்கியச் சான்று

சங்க நூல்களுள் மலர்ப்பெயர்களை மிகுதியாகத் தொகுத்துத் தருவது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. அதன் மலர்ப்பட்டியலில் கொன்றையும் கூவிளமும் உள, ஊமத்தை இல்லை. இதனைக் கொண்டு ஊமத்தை சங்ககாலத்தில் இல்லை என்று துணிதல் பொருந்தாது. ஏனெனில் எருக்கும் அப்பட்டியலில் இல்லை. ஆனால் அதே கபிலர் பெயரால் வழங்கும் புறநானூற்றின் 106-ஆம் பாடல், எருக்கம்பூவைக் கடவுளர் ஏற்பர் என்னும் கருத்தை உடையது. மணமும் அழகும் கருதித் தலைவியும் தோழியும் பறித்த பூக்களின் வரிசையில் நச்சுச்செடி இடம்பெறாமை வியப்பன்று. எனினும் சிவபெருமானுக்குரிய மலராகப் புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து கூறுவது கொன்றையையே என்பதும் மனங்கொளத்தக்கது.

தேவாரக் காலத்தில் நிலை மாறுகின்றது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர் ஆகியோரின் பதிகங்களில் மத்தம் இறைவனின் சடைமலராகப் பலகாலும் பேசப்படுகின்றது. பிறை, பாம்பு, கங்கை, கொன்றை, வன்னி, எருக்கு, கூவிளம் ஆகியவற்றின் வரிசையில் அது வருகின்றது. 'மதமத்தம்' என்னும் வழக்கும் உண்டு. உரையாசிரியர்கள் இதற்கு ஊமத்தம்பூ என்றே பொருள் கொள்வர்.

இவ்வரிசையின் அமைப்பு கருதத்தக்கது. எருக்கு பாலொழுகும் நச்சுச்செடி. பிறர் சூட விரும்பாதது. பாம்பு நஞ்சுடையது. இறைவனோ நஞ்சுண்ட கண்டன். பிறரால் ஒதுக்கப்பட்டவற்றை அவன் அணியாக ஏற்றான் என்பது அருளாளர் கருத்து. சுந்தரர் அவனைப் பித்தன் என்றே விளித்தார். பித்தை விளைவிக்கும் மலர் பித்தனுக்கு உரியதாதல் பொருத்தமே. ஆதலின் மத்தம் என்பது மயக்கந்தரும் செடியொன்றின் பூ என்பது இலக்கிய அமைப்பாலேயே உறுதிப்படுகின்றது.

இப்பாடல்கள் பிற்காலத்தில் மாற்றம் பெற்றிருக்கலாம் என்னும் ஐயத்திற்கும் இடம் குறைவு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் நாற்பத்தெண்மரை அமர்த்திய செய்தி கல்வெட்டில் உள்ளது. பதிகங்கள் அக்காலத்திலேயே கோயில் வழிபாட்டில் நிலைபெற்றுவிட்டன என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்கத் தாயகக் கொள்கை

ஊமத்தை இரு கண்டங்களுக்கும் உரியது என்ற கருத்தே நெடுங்காலம் நிலவியது. 1991-இல் டேவிட் சைமன், ஹேகி ஆகிய இருவரும் தத்தூரா புத்துலகிற்கே உரிய பேரினம் என்று நிறுவினர். இனங்களின் பன்மை மெக்சிகோவிலும் அதனை அடுத்த நிலப்பகுதியிலும் மிகுதியாக இருத்தல், நெருங்கிய உறவுடைய பேரினங்கள் அமெரிக்காவில் இருத்தல் ஆகியன இதற்கு வலிமை சேர்த்தன. மெக்சிகோவின் நவாத்தல் மொழியில் இச்செடிகளுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் சாகாகுன் என்னும் துறவியார் தொகுத்த ஏடுகளும் அங்குள்ளோர் இவற்றை அறிந்திருந்தமையைக் காட்டுகின்றன.

இம்முடிபிலிருந்து மற்றொரு முடிபும் பெறப்பட்டது. ஊமத்தை அமெரிக்காவில் தோன்றியதாயின், ஐரோப்பியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்த பின்னரே அது பழைய உலகிற்கு வந்திருத்தல் வேண்டும். பழைய நூல்களில் உள்ள குறிப்புகள் வேறு செடிகளைப் பற்றியன அல்லது தவறாகப் பொருள் கொள்ளப்பட்டன என்பதே அது. இதன்படி தேவாரத்தின் மத்தமும் அமரகோசத்தின் தத்தூரமும் இன்று நாம் அறியாத வேறு செடியாதல் வேண்டும்.

இங்கு இரண்டு கூற்றுகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ளன. தோன்றிய இடம் எது என்பது ஒன்று. வந்த காலம் எது என்பது மற்றொன்று. முன்னது தாவரவியலால் முடிவு செய்யத்தக்கது. பின்னதனை எழுத்துச் சான்றுகளையும் சிற்பச் சான்றுகளையும் நோக்காது முடிவு செய்தல் இயலாது.

பெயர்ச்சான்றின் எல்லை

பழைய நூலில் ஒரு பெயர் இருப்பது மட்டுமே பழங்காலத்தில் அச்செடி இருந்தமைக்குச் சான்றாகாது. புதிதாக வந்த செடி பழைய பெயரைப் பெறுதல் உலக இயல்பு. மிளகாய் அமெரிக்கப் பயிர். மிளகின் பெயரை அடியாகக் கொண்டு அது பெயர் பெற்றது. காட்டாமணக்கும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆமணக்கின் பெயரை அது ஏற்றது.

முனிர்காவின் ஊமத்தையே இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டாகும். தில்லியின் தரிசு நிலங்களில் இன்று மிகுதியாகக் காணப்படுவது கூர்முட்களையுடைய இன்னாக்சியா வகை. அது பின்னாளில் வந்து பரவியது. எனினும் மக்கள் அதனைத் தத்தூரா என்ற பழம்பெயராலேயே அழைத்து, அதன் காயையே சிவனுக்குச் சாத்துகின்றனர். செடி புதிது, பெயர் பழையது, வழிபாடும் பழையது. ஆகவே பெயர் மாறிச் சேர்தல் நிகழக்கூடியதே என்பதனை ஆய்வாளர் முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும் புதிதாக வந்தவற்றின் பெயர்களில் வரவின் சுவடு பெரும்பாலும் எஞ்சி நிற்கும். பறங்கிக்காய் என்னும் பெயரில் பறங்கியர் உளர். 'சீமை' என்னும் அடைமொழி பல செடிகளுக்கு அமைந்தது. கொய்யா, பப்பாளி ஆகியன அயற்பெயரின் திரிபுகள். புகையிலை அதன் பயனால் பெயர் பெற்றது. ஊமத்தையின் தமிழ்ப் பெயர்களில் இத்தகைய சுவடு எதுவும் இல்லை. இது துணைச்சான்றே ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

பிற சான்றுகள்

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியாக ஆர். கீதா, வலீத் கரைபா ஆகிய இருவர் 2007-இல் 'ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்' என்னும் இந்திய அறிவியல் இதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அமெரிக்கத் தோற்றத்தை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அரபு நூல்கள், இந்திய நூல்கள், தென்னிந்தியச் சிற்பங்கள் ஆகியவற்றைக் கொண்டு, கொலம்பசிற்கு முன்னரே ஊமத்தையின் ஓரினமேனும் பழைய உலகில் இருந்தது என்று நிறுவினர். அது மெட்டல் இனம் எனவும், முதலாயிரமாண்டில் வந்திருத்தல் கூடும் எனவும் அவர்கள் கருதினர்.

அவர்தம் வாதத்தின் வலிமை, பெயரை மட்டும் நம்பாமல் வருணனையையும் வடிவத்தையும் நோக்கியதில் உள்ளது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இப்னு சீனா தம் மருத்துவ நூலில் 'ஜவ்ஸ் மாத்தில்' பற்றிக் கூறும்போது, எட்டிக்காயை ஒத்ததாய், குட்டையான தடித்த முட்கள் உடையதாய் அதனை விவரிக்கின்றார். உணர்வை மயக்கும் நஞ்சு என்றும் கூறுகின்றார். குட்டையான தடித்த முள் மெட்டல் இனத்திற்கே பொருந்தும். இன்னாக்சியாவின் நீண்ட கூர்முட்களுக்குப் பொருந்தாது.

சிற்பச் சான்று தமிழகத்தினுடையது. சோழர்கால ஆடவல்லான் செப்புத் திருமேனிகளின் சடையில் பிறை, மண்டையோடு, கங்கை ஆகியவற்றுடன் குழல் வடிவான ஊமத்தம்பூவும் வார்க்கப்பட்டிருத்தலைக் கலை வரலாற்றறிஞர்கள் சுட்டியுள்ளனர். அடி குறுகி, வாய் அகன்று, விளிம்பில் நுனிகள் நீண்ட வடிவம் அது. இத்திருமேனிகள் பத்து முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தன. நூற்பெயர் வேறு செடிக்கு மாறுதல் கூடும். வார்த்த செம்பின் வடிவம் மாறாது. பதிகத்தில் மத்தம் என்னும் சொல்லும், திருமேனியில் குழற்பூவின் வடிவமும் ஒரே சடையில் ஒரே இடத்தில் பொருந்தி வருகின்றன. தமிழ்ச்சான்று இங்குத் தனித்த இன்றியமையாமை பெறுகின்றது.

இனி, இச்செடி கடல் கடந்தது எவ்வாறு என்னும் வினா எஞ்சுகின்றது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஐரோப்பியர்க்கு முன்னரே பாலினீசியத் தீவுகளை அடைந்ததனைக் கீதாவும் கரைபாவும் ஒப்புமை காட்டினர். மாந்தர் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆனால் சர்க்கரைவள்ளிக் கிழங்கே மாந்தர் துணையின்றி இயற்கையாகக் கடல் கடந்திருக்கலாம் என்று 2018-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வாதிடுகின்றது. ஆகவே வந்த வழி ஆய்விற்குரியதாகவே உள்ளது. வந்த வழி தெளிவுபடாமை, வந்திருந்தது என்னும் உண்மையைக் குறைப்பதாகாது.

நஞ்சும் மருந்தும்

ஊமத்தையின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாக விதைகளில், அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபாலமின் என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. உண்டார்க்கு நா வறளும், கண்மணி விரியும், நெஞ்சு விரைந்து துடிக்கும், பின்னர்ப் பிதற்றலும் நினைவிழப்பும் தோன்றும். அளவு மிகின் உயிருக்கே கேடாம். 'தூர்த்தம்' என்னும் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பொருளற்றதாகவில்லை. வழிப்போக்கரின் உணவில் இவ்விதையைக் கலந்து பொருள் கவர்ந்த கூட்டத்தார் பற்றி, 1856-இல் முதற்பதிப்புக் கண்ட நார்மன் செவர்சின் சட்ட மருத்துவ நூல் விரிவாகப் பேசுகின்றது.

நஞ்சே மருந்தாகவும் அமைந்தது. சித்த மருத்துவத்தில் ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், துருசு ஆகியவற்றாலான 'மத்தன் தைலம்' ஆறாப் புண்களுக்கு மேற்பூச்சாக வழங்குகின்றது. தேவாரத்தின் மத்தம் என்னும் சொல் மருத்துவரின் தைலப் பெயரில் இன்றும் உயிருடன் இருத்தல் சொல் வரலாற்றார்க்கு மகிழ்வூட்டுவதாகும். ஊமத்தைப் புகையை இரைப்பு நோய்க்கு மருந்தாகக் கொள்ளும் வழக்கமும் சென்னையிலிருந்தே 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் வாயிலாக இங்கிலாந்தை அடைந்தது. அவ்வழக்கம் அங்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் நிலவியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஊமத்தை இனம் அமெரிக்காவில் தோன்றியது. எனினும் அதன் ஓரினம் ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் இருந்தது. தேவாரத்தின் மத்தமும், சோழர் செப்புத் திருமேனியின் குழற்பூவும், இப்னு சீனாவின் முட்காயும், சித்த மருத்துவரின் மத்தன் தைலமும் அதனையே சுட்டுகின்றன. முனிர்காவின் தரிசு நிலத்தில் மிகுதியாக முளைப்பதோ அதன் இளைய உறவு. மூத்ததன் பெயரையும் உரிமையையும் பிற்காலத்தில் பெற்றது.

இவ்வாராய்ச்சியில் பெறப்படும் பொதுவான உண்மையும் ஒன்றுண்டு. 1991-இல் ஊமத்தையின் தாயகம் வரையறுக்கப்பட்டபோது, பக்திப்பாடல்களின் சாட்சியம் எவராலும் கேட்கப்படவில்லை. பக்தி இலக்கியம் கற்பனை மிக்கது என்றும், அதன் மலர்ப்பெயர்கள் மரபுத்தொடர்கள் என்றும் கருதி அவற்றை இயற்கை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாமை அறிஞரிடையே இயல்பாக உள்ளது. அவற்றைக் கண்மூடி ஏற்றலும் தவறே. இலக்கியச் சொல்லைச் சிற்பத்தோடும் மருத்துவத்தோடும் தாவரத்தின் உறுப்பமைப்போடும் ஒப்பிட்டு நோக்கும்போதுதான் அது சான்றாகின்றது.

இத்தகைய ஒப்பீட்டிற்கு உரிய கருவிகள் தமிழில் இன்னும் நிறைவடையவில்லை. திருமுறைகளில் வரும் தாவரப் பெயர்கள் அனைத்தையும் இடஞ்சுட்டித் தொகுத்து, ஒவ்வொன்றும் இன்ன இனம் என்று தாவரவியலார் துணையுடன் வரையறுக்கும் அகராதி ஒன்று வேண்டப்படுகின்றது. சிவராத்திரி நாளில் முனிர்காக் கடைகளில் ஓரிரு நாணயங்களுக்கு விற்கப்படும் ஒரு முட்காய், கண்டங்களுக்கிடையேயான வரலாற்றுச் சிக்கல் ஒன்றைத் தன்னுள் கொண்டுள்ளது. அதற்குரிய விடையின் ஒரு பகுதி தமிழில் ஏழாம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. அப்பதிவினைப் பிறதுறையாரும் எடுத்தாளுமாறு ஒழுங்குபடுத்தித் தருதல் தமிழாய்வாளர் கடமையாகும்.